மசோதாவை விடுங்கள், மச்சானைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். 2014-இல் ஊரிலிருந்து நேராகக் கொலராடோ மாநிலத்தின் ஆரோராவுக்கு வந்தவன். கிரீன் கார்டு கிடைத்து நாலு வருடம் ஆகப்போகிறது, அடுத்த வருடம் சிட்டிசன்ஷிப்புக்குப் போடலாம் என்று இருக்கிறேன். 2022-இல் எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீட்டில் திருட்டு. அப்போது ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன். லாக்கரில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போவேன். என் மச்சான் (மனைவியின் தம்பி) எச்1பி வேலை விசாவில் வந்து எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கியிருக்கிறான். அவனும் கூட வருவான், இரண்டு மூன்று ரவுண்டு சுடுவான். அவனுக்கு என்னைவிட ஆர்வம் அதிகம்.

இப்போது கொலராடோவில் புது மசோதா வந்திருக்கிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. செமி ஆட்டோமேட்டிக் (ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் ரகம்) எதையும் இனி வாங்க முடியாது, இருப்பதையும் கணக்கெடுத்துப் பிடுங்குவார்கள் என்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து சட்டம் வருவதற்குள் ஆளுக்கொரு ஏஆர்-15 ரைஃபிள் வாங்கப் போகிறோம். மச்சானுக்கும் ஒன்று என் பெயரில் எடுத்துவைத்தால், அவனுக்குக் கிரீன் கார்டு வந்ததும் கொடுத்துவிடலாம். பெரிய தோட்டா மேகசின் பக்கத்து மாநிலமான வயோமிங்கில் ஷையென் போனால் கிடைக்கும் என்கிறார்கள். சட்டசபையில் பொதுமக்கள் பேசலாமாமே, நான் போய்ப் பேசலாமா? பேசினால் சிட்டிசன்ஷிப்புக்குப் பிரச்சினை வருமா? என் மனைவி, இருக்கிற ஒன்றையே விற்றுவிடு என்று நிற்கிறாள். ஒன்பது வயதில் பையன் இருக்கிறான். லாக்கர் சாவி சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, அவனுக்குத் தெரியாது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பதில்: முதலில் ஒரு விஷயம். இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியதுபோல் இனி யாருக்கும் எழுதாதீர்கள். நான் வக்கீல்தான். ஆனால் வக்கீலிடம் அவர் ஆபீஸில் உட்கார்ந்து சொல்வது ரகசியம். பத்திரிகைக் கேள்வி பதில் பகுதிக்கு எழுதுவது ரகசியம் இல்லை. உங்களை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் மாற்றிவிட்டுத்தான் மேலே போட்டிருக்கிறேன். ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று போகப் போகத் தெரியும்.

நீங்கள் கேட்டது மசோதாவைப் பற்றி. அதையே முதலில் முடித்துவிடலாம், அதில் உங்களுக்கு ஆபத்து குறைவு.

உங்கள் கடிதம் 2025 ஜனவரியில் வந்தது. அன்று இருந்த மசோதா இன்று இல்லை. எஸ்பி25-003 என்ற அதே எண்தான், உள்ளே இருப்பது வேறு. ஜனவரி 8 அன்று தாக்கலானபோது, கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டாக்கூட்டைச் சொல்கிறேன்) உள்ள செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், ஷாட்கன் இவற்றைத் தயாரிக்க, விற்க, வாங்க, கைமாற்றத் தடை என்று இருந்தது. கைத்துப்பாக்கியில் ஒரே ஒரு வகை அதில் சேர்ந்திருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன். ஏற்கெனவே வைத்திருப்பதைப் பற்றி அந்த முதல் வடிவத்திலேயே தடை கிடையாது. பிடுங்குவார்கள், கணக்கெடுப்பார்கள் என்பதெல்லாம் மசோதாவில் இல்லை, உங்கள் குழுவில்தான் இருக்கிறது.

பிறகு செனட்டில் பேரம் நடந்தது. ஆளுநருக்கு முழுத் தடையில் இஷ்டமில்லை என்பது ஊரறிந்த விஷயம். (அவர் பெயர் ஜாரெட் போலிஸ். "போலிஸ் கையெழுத்துப் போட்டால் முடிந்தது" என்று ஒருவர் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டு, வீட்டுக்குப் போலீஸ் வரப்போகிறது என்று நினைத்து எனக்குப் போன் செய்தவர்கள் இரண்டு பேர்.) பிப்ரவரி 18 அன்று 19-15 என்ற வாக்கில் செனட் நிறைவேற்றிய வடிவத்தில், தடைக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பயிற்சி எடுத்தால் வாங்கலாம். கொலராடோ வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தால் இன்னும் 4 மணி நேர வகுப்பு, இல்லாவிட்டால் குறைந்தது இரண்டு நாளில் 12 மணி நேரம். கடைசியில் தேர்வு, அதில் 90 சதவீதம் எடுக்க வேண்டும். உங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) போலீஸ் தலைவரான ஷெரிஃப் தகுதி அட்டை தருவார். பயிற்சி ஐந்து வருடத்துக்குச் செல்லும். நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஆகஸ்ட் 1 என்று தள்ளிப்போனது. பிறகு சட்டசபையின் இன்னொரு அவையான ஹவுஸும் நிறைவேற்றி, 2025 ஏப்ரல் 10 அன்று ஆளுநர் கையெழுத்துப் போட்டு அது சட்டமாகிவிட்டது.

அதனால்தான் மசோதா தாக்கலான வாரத்தில் கடைக்கு ஓடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒத்திகையைப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுவதுபோல் ஆகிவிடும்.

இப்போது உங்கள் கிளாக். மசோதாவில் கைத்துப்பாக்கியைச் சொல்லும் இடத்தில் "வாயுவால் இயங்கும்" என்று ஒரு சொல் இருக்கிறது. குழுவில் யாரும் அந்தச் சொல்லைப் படித்ததாகத் தெரியவில்லை. ஏஆர்-15 மாதிரியான ரைஃபிளில், சுடும்போது குழலுக்குள் எழும் வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு, அந்த அழுத்தத்தால் காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுவார்கள். கிளாக்கில் அந்த வேலையே இல்லை. சுட்டதும் கைக்கு ஓர் உதை வருகிறதே, அந்த உதையின் விசையில்தான் மேல்பாகம் பின்னால் போய்த் திரும்புகிறது. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும் சாதாரணக் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த உதை ரகம். ஆகவே உங்கள் கிளாக் 19 இந்த மசோதாவுக்குள் வரவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்கு வைத்திருக்கும், கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஷாட்கன் வராது. சின்னத் தோட்டா போடும் சாதாரணப் புள்ளி இருபத்திரண்டு ரிம்ஃபயர் ரைஃபிள் வராது. ஏஆர்-15 வரும், அதை மனதில் வைத்து எழுதப்பட்டதுதானே.

இதை வைத்து, துப்பாக்கி வைத்திருப்பவர்களின் கோபம் வெறும் வாட்ஸ்அப் கோபம் என்று நான் சொல்ல வரவில்லை. கிழக்குச் சமவெளியில் மாடு வைத்திருக்கும் ஒருவர் என் கட்சிக்காரர். அவர் லாரியில் ஏஆர் கிடப்பது, நம் ஊரில் டிராக்டர் சீட்டுக்கு அடியில் அரிவாள் கிடப்பதுபோலத்தான். கன்றுக்குட்டி பிடிக்க வரும் கொயோட்டிக்கு (ஓநாய் இன விலங்கு) அது. எங்கோ ஒரு பாவி செய்ததற்கு நான் ஏன் இரண்டு நாள் வேலையை விட்டு வகுப்பில் உட்கார வேண்டும் என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஷெரிஃப் அட்டை, பூங்கா வனவிலங்குத் துறையில் பயிற்சிப் பதிவு என்று வரும்போது, இது நாளைக்கு உரிமையாளர் பட்டியல் ஆகிவிடாதா என்ற பயமும் வெற்றுப் பயம் இல்லை. இந்த நாட்டில் துப்பாக்கிக்காரர்கள் பட்டியலுக்கு அஞ்சுவது நேற்று தொடங்கியதல்ல. கடையில் பின்னணிச் சோதனை தேறியதும் அந்தப் பதிவை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்று மத்திய சட்டமே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் நிற்பவரும் சாதாரண ஆள் இல்லை. மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் செனட்டர் டாம் சல்லிவன். உங்கள் ஆரோராவில் 2012 ஜூலை 20 இரவு சினிமா தியேட்டரில் 12 பேர் செத்தார்களே, அதில் ஒருவர் அவர் மகன். அன்றைக்குப் பையனின் பிறந்தநாள். நீங்கள் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அந்தத் தியேட்டர் வழியாக இன்றைக்கும் போய்வந்துகொண்டிருப்பீர்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2013-இல் என்ன நடந்தது என்பது இப்போது உங்களுக்குப் பயன்படும். 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை விற்கவும் வாங்கவும் வைத்திருக்கவும் தடை போட்டார்கள். 2013 ஜூலை 1-க்கு முன்பே கையில் இருந்து, தொடர்ந்து கையிலேயே இருப்பதற்கு மட்டும் விலக்கு. மாநிலமே கொதித்தது. மேகசின் செய்துவந்த மேக்புல் கம்பெனி கொலராடோவை விட்டு வயோமிங்குக்கும் டெக்சாஸுக்கும் போனது. செப்டம்பரில் ஜான் மோர்ஸ், ஏஞ்சலா ஜிரோன் என்ற இரண்டு செனட்டர்களை வாக்காளர்கள் பதவியிலிருந்து இறக்கினார்கள், மாநில வரலாற்றில் அதற்கு முன் நடக்காத விஷயம். எதிர்ப்பாளர்களுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா? ஆனால் சட்டம்? அப்படியே இருக்கிறது. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதை உங்கள் கணக்கில் பொருத்திப் பாருங்கள். உங்கள் நண்பர்களில் 2010-லிருந்து இங்கே இருப்பவர் ஒருவர், என்னிடம் உள்ள 30 தோட்டா மேகசின் பழையது என்று சொன்னால் பொய் என்று நிரூபிப்பது கஷ்டம். நீங்கள் இந்த நாட்டில் கால் வைத்ததே 2014-இல். ஷையெனிலிருந்து வாங்கி வந்த மேகசின் உங்கள் டிக்கியில் இருந்தால், பழையது என்று நீங்கள் வாயே திறக்க முடியாது. உங்கள் பாஸ்போர்ட் முத்திரையே உங்களுக்கு எதிரான சாட்சி. உங்கள் கிளாக்குடன் வந்த மேகசினில் 15 கொள்ளும், சரியாக வரம்பு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, மேகசின் சின்னக் குற்றம்தானே, அபராதத்தோடு போகாதா என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர்களில் சிட்டிசனாக இருப்பவர்களுக்கு அப்படிப் போகலாம். இங்கேதான் நீங்களும் அவர்களும் பிரிகிறீர்கள். இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை எடுத்தேன்.

குடியேற்றச் சட்டத்தில் நாடுகடத்தலுக்கான காரணங்கள் வரிசையில் துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. அமெரிக்காவுக்குள் வந்த பிறகு எப்போதாவது, எந்தச் சட்டத்தின் கீழாவது, துப்பாக்கியை வாங்கியது, விற்றது, வைத்திருந்தது, எடுத்துப்போனது என்று ஒரு குற்றத் தீர்ப்பு வந்தால் போதும். அந்தப் பிரிவில் துப்பாக்கி என்று மட்டும் இல்லை, அதன் பாகம், துணைக்கருவி என்றும் எழுதியிருக்கிறது. எத்தனை வருடத் தண்டனை என்ற கணக்கு இல்லை. ஜெயிலுக்கே போகாத தீர்ப்பாக இருந்தாலும் சரி. வேறு பல குற்றங்களுக்குக் குடியேற்றச் சட்டம் கொஞ்சம் சலுகை பார்க்கும்: வந்து ஐந்து வருடம் கழித்து நடந்ததா, தண்டனை ஒரு வருடத்துக்குக் கீழா என்றெல்லாம் கேட்கும். துப்பாக்கிப் பிரிவு அதையெல்லாம் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் சிட்டிசனுக்கு ஒரு செக்கோடு முடிவது, கிரீன் கார்டுக்காரருக்குக் குடியேற்ற நீதிபதி முன்னால் போய் நிற்பதாக மாறும்.

எங்கள் ஷெரிஃப் இந்தச் சட்டத்தை அமல்படுத்த மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார் என்பார்கள். சொல்வார்கள்தான், 2019-இல் சிவப்புக்கொடிச் சட்டம் (ஆபத்தானவர் என்று கோர்ட் கருதுபவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டம்) வந்தபோது வெல்ட் கவுண்டி ஷெரிஃப், அமல்படுத்துவதற்குப் பதில் ஜெயிலுக்கே போகிறேன் என்றார். ஷெரிஃப் ஓட்டு வாங்கி வருபவர், அவர் பாடு அவருக்கு. ஆனால் ஐ-70 சாலையில் உங்களை நிறுத்தப்போவது மாநில ரோந்துப் போலீஸாக இருக்கலாம். டென்வருக்குள் டென்வர் போலீஸ். ஷெரிஃபின் வீராப்பை நம்பி நீங்கள் துப்பாக்கி வாங்கக் கூடாது.

அடுத்தது மச்சான். மசோதா உங்களைத் தொடவில்லை என்றேன். மச்சான் விஷயத்தில், ஏற்கெனவே இருக்கும் சட்டம் உங்களை மூன்று பக்கத்திலிருந்தும் தொடுகிறது.

எச்1பி என்பது தற்காலிக விசா. அந்த வகை விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்பது மத்திய சட்டம். வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை, ரேஞ்சில் பத்து நிமிடம் கையில் வாங்கிச் சுடுவதும் வைத்திருப்பதுதான். அவர் கையில் கொடுத்தவருக்கும் அதே சட்டத்தில் தனியாக ஓர் இடம் இருக்கிறது. "இரண்டு மூன்று ரவுண்டு சுடுவான்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடை விலகும். கொலராடோவில் உரிமம் வாங்க வேட்டைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சிறு பிராணி வேட்டை உரிமம்கூடப் போதும். நம் பையன்கள் பல பேர் இப்படி வாங்கி வைத்திருக்கிறார்கள், சட்டப்படி சரிதான். ஆனால் உரிமம் காலாவதியாகும் தேதியை மறந்துவிட்டு அடுத்த நாள் ரேஞ்சுக்குப் போனவரையும் பார்த்திருக்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் பல வருடம் நிற்கப்போகும் ஒருவர் இந்த நூலில் நடக்க வேண்டுமா என்றால், என் பதில் வேண்டாம். கிரிக்கெட் விளையாடட்டும்.

அவருக்காக உங்கள் பெயரில் ஏஆர் எடுத்துவைக்கும் யோசனையை அடியோடு விடுங்கள். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பியிருப்பீர்கள், உங்கள் ஏலியன் எண்ணைக்கூட (குடியேறியவருக்கு அரசு தரும் எண்) போட்டிருப்பீர்கள். அதில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி. ஆமாம் என்று டிக் செய்து கையெழுத்துப் போட்டால் அந்த இடத்திலேயே குற்றம் முடிந்துவிட்டது. துப்பாக்கி உங்கள் லாக்கரைவிட்டு வெளியே வரவே தேவையில்லை. 2022-இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். வைத்திருக்கத் தகுதியில்லாத ஒருவருக்காக வாங்கினால் 15 வருடம் வரை சிறை. தகுதி உள்ளவருக்காக வாங்கினாலும் தப்ப முடியாது: வர்ஜீனியாவில் ஒரு முன்னாள் போலீஸ்காரர் தன் அங்கிளுக்காகத் துப்பாக்கி வாங்கினார் (மாமாவா சித்தப்பாவா என்று தீர்ப்பில் இல்லை). அங்கிள் சட்டப்படி எல்லாத் தகுதியும் உள்ளவர், 400 டாலர் செக்கும் முன்பே அனுப்பியிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2014-இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தோற்றது. அவர் வாங்கியதும் கிளாக் 19-தான்.

மூன்றாவது பக்கம், பேஸ்மென்ட். 2021-லிருந்து கொலராடோவில் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பதற்குச் சட்டம் இருக்கிறது. குழந்தை கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது என்று மட்டும்தான் பலர் அதைப் படித்திருக்கிறார்கள். அதே சட்டத்தில் இன்னொரு பாதி உண்டு: துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படித் தகுதியில்லாத ஒருவர் அந்த வீட்டில் குடியிருந்தாலும் அதே கட்டாயம். உங்கள் மச்சான் அந்த ஒருவர். அவருக்குச் சாவி இருக்கும் இடம் தெரியும் என்றால், லாக்கர் திறந்து கிடப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. துப்பாக்கி அவருடைய கட்டுப்பாட்டில் இருந்ததாகக்கூட ஒருவர் வாதாட முடியும். எதிர்த்து நானும் வாதாடலாம். ஆனால் அந்த வழக்கு நடக்கும் வருடங்களில் அவருடைய விசா புதுப்பிப்பு என்ன ஆகும்?

ஏற்கெனவே நடந்துபோன ரேஞ்சுப் பயணங்களுக்கு என்ன செய்வது என்று இப்போது கேட்கத் தோன்றும். அதற்குப் பத்திரிகையில் பதில் சொல்ல மாட்டேன். சிட்டிசன்ஷிப் விண்ணப்பமான என்-400-இல், கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்ததுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு குடியேற்ற வக்கீலோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். மச்சானுக்கு வேறு வக்கீல். இருவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம், நாளைக்கு ஒருவர் நலன் இன்னொருவருக்கு எதிராகப் போகலாம். போட்டோக்களைக் குழுவில் போட்டிருந்தால் அழிப்பதா வேண்டாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள், நீங்களாக எதையும் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், நீங்கள் எழுதாவிட்டாலும். கொலராடோவில் கஞ்சா கடையில் விற்கிறது, கம்மீஸ் மிட்டாய் போல் இருக்கிறது, தூக்கம் வருகிறது என்று நம் ஆட்களே வாங்குகிறார்கள். மத்திய சட்டத்தில் அது இன்னும் குற்றம். அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 4473 படிவத்திலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. குடியேற்ற அதிகாரிக்கும் அது பிடிக்காது. இரண்டில் ஒன்றுகூட இல்லாமலிருந்தால் நல்லது, இரண்டும் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கவே கூடாது.

சட்டசபையில் பேசலாமா என்றீர்கள். தாராளமாக. பேச்சுரிமை சிட்டிசனுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு மசோதா கமிட்டிக்கு வரும்போது சட்டசபை இணையதளத்தில் பெயர் பதியலாம், நேரில் வரலாம், வீட்டிலிருந்து கணினி வழியாகவும் பேசலாம். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான், காத்திருப்பது பல மணி நேரம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மாநில செனட்டருக்கும் ஹவுஸ் உறுப்பினருக்கும் எழுதலாம், போன் செய்யலாம். அதற்காக யாரும் உங்கள் என்-400-ஐ நிறுத்த மாட்டார்கள். போய்ப் பேசினால் நம் ஆட்களின் குரலும் பதிவாகும் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், நீங்கள் எந்தப் பக்கம் பேசினாலும்.

இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒன்று ஓட்டு, அது உங்களுக்கே தெரியும். இன்னொன்று மனு. செனட்டரைத் திரும்பப் பெற வேண்டும், வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று சூப்பர்மார்க்கெட் வாசலில் பலகையோடு நிற்பார்கள். கொலராடோவில் அந்த வகை மனுக்களில் பதிவுபெற்ற வாக்காளர்தான் கையெழுத்துப் போட முடியும். ஆர்வத்தில் போட்டுவிட்டு, நான் வாக்காளர் என்று எழுதிக்கொடுத்தவராகப் பின்னால் நிற்காதீர்கள்.

ஏஆர் வாங்குவதா? சட்டப்படி 2026 ஆகஸ்ட் 1 வரை பயிற்சி இல்லாமலே வாங்கலாம், அதன் பிறகு பயிற்சியும் தகுதி அட்டையும் வேண்டும். கிரீன் கார்டு இருக்கிறது, கடைக்குப் போங்கள், சோதனை தேறுங்கள், 2023 அக்டோபரிலிருந்து உள்ள மூன்று நாள் காத்திருப்பை முடித்து எடுத்து வரலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த மசோதா வரவில்லை என்றால் ஏஆர் வாங்கியிருப்பீர்களா? மூன்று வருடமாக நினைக்காததை நாலு பேர் நினைக்கச் சொன்னார்கள் என்று வாங்குவது, தள்ளுபடி முடியப்போகிறது என்று வீட்டுக்கு வேண்டாத பாத்திரம் வாங்குவதுபோல. பாத்திரம் என்றால் பரணில் போட்டுவிடலாம். பயிற்சி வகுப்பைப் பற்றியும் என் அபிப்பிராயம்: சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அந்த 12 மணி நேரத்துக்குப் போய்விட்டு வந்து பிறகு முடிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறை ரேஞ்சில் காகிதத்தைச் சுடுவது பயிற்சி இல்லை.

காரில் கொண்டுபோகும்போது ஒன்று. 2025 ஜனவரி 1-லிருந்து, ஆள் இல்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டுப்போனால் கெட்டியான பூட்டுப் பெட்டிக்குள், வெளியே தெரியாதபடி, காரையும் பூட்டித்தான் போக வேண்டும். ரேஞ்சு முடிந்து காஸ்ட்கோ கடையில் இறங்கும் பழக்கம் இருந்தால் பெட்டி வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் மனைவி. அவர் சொல்வதுபோல விற்றுவிடலாம், அதில் எந்த அவமானமும் இல்லை. உரிமம் பெற்ற கடையிலேயே கொடுங்கள், நண்பருக்கு நேரடியாகக் கைமாற்றாதீர்கள். கொலராடோவில் 2013-லிருந்து தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை கட்டாயம். வைத்துக்கொள்வதென்றால் சாவிப் பூட்டை மாற்றி எண் பூட்டு அல்லது விரல்ரேகைப் பூட்டு போடுங்கள். அந்த எண் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மச்சானுக்குச் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் நீங்கள் சொல்வதைவிட, அவரே தம்பியிடம் சொல்லிவிடுவது நல்லது. அக்கா சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது பையனுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் அம்மா சில்லறை வைப்பார். எனக்குத் தெரியாது என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். இன்று ராத்திரியே சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பூட்டு மாற்றும் வரை.